சருகும் தீயும்

மேல்நாடுகளில் இலையுதிர்தல் குளிர்காலத்தின் முன்னறிவிப்பு. நம் காஞ்சிமாநகரிலோ அது கோடையின் முன்னறிவிப்பாம். கார்மழை ஓய்ந்து தையும் மாசியும் வருங்கால் வேம்பும் அரசும் புங்கும் நாட்டுவாதுமையும் இலை உகுக்கின்றன. சின்னாளில் தெருவெல்லாம் சருகு. பின்னர்த் தெருவெல்லாம் புகை. கூட்டிக் குவித்துத் தீயிடுதலே தூய்மையென்று நம்மவர் கருதுகின்றனர். இக்கருத்தை மறுக்கவே இதனை எழுதலுற்றோம்.

நீர் சுருங்குங் காலத்து மரம் இலையைக் கழிப்பது தன் நீர்ச்செலவைக் குறைத்தற்பொருட்டாம். அவ்விலையே வேரடியில் வீழ்ந்து, சித்திரை வெயிலுக்கும் மண்ணுக்கும் இடையே போர்வையாகின்றது. உழவர் இதனை மூடாக்கு என்பர். மூடாக்கின்கீழ் மண்ணின் ஈரம் விரைவில் உலராது, களையும் அடங்கும், மண்புழுவும் நுண்ணுயிரும் சருகைச் சிறிது சிறிதாக எருவாக்கும். தீயிட்டாலோ தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடு போக, எஞ்சுவது ஒரு பிடி சாம்பலே. மாசியில் எரித்தவரே வைகாசியில் எரு விலைக்கு வாங்குவது நகைப்பிற்குரியது அன்றோ!

1931ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் வெளியிட்ட நூல் விளக்கும் இந்தூர் முறையில், கழிவைக் குவித்து நனைத்துப் புரட்டி எருவாக்குதல் வேண்டும். மூடாக்கிற்கு அவ்வுழைப்பும் வேண்டுவதில்லை. செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரம் பரப்பி, தண்டினை ஒட்டாது சற்றே விலக்கி, நீர் தெளித்தல் போதும். மாவிலை, வாதுமையிலை போன்ற அகன்றவற்றை நொறுக்கியிடல் நன்று. இன்றேல் ஒன்றோடொன்று படிந்து நீரைத் தடுக்கும். பச்சைமண்ணில் சருகைப் புதைத்தல் ஆகாது. அது மக்குங்கால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தான் கவர்ந்துகொள்ளும்.

சருகில் பாம்பும் தேளும் தங்குமே என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆதலின் வாயிலும் கோலமிடும் முற்றமும் என்றும்போற் கூட்டப்படுக; சருகு சுவரினின்று விலகிச் செடியடியிற் கிடக்கட்டும்.

தறியே இடமெல்லாம் கொண்ட நெசவாளர் இல்லங்களில் தோட்டம் ஏது? ஆயினும் புகை அவர்களை விடுவதில்லை. விடியலில் தெருவிற் பட்டுப்பாவு நீட்டுவோர் அதனிடையே நின்று தொழில் செய்ய நேர்கின்றது. நெகிழிப்பைகளும் கலந்து எரிந்தால் அப்புகை நஞ்சே. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தெருவில் எரித்தலைத் தடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருங்குவியலாயின் 25,000 ரூபாயும் தண்டம் விதிக்க ஆணையிட்டது. எனினும் துடைப்பம் ஏந்துவோரை மட்டும் குறைகூறல் முறையன்று. சருகைக் கொண்டுபோய்க் கொட்ட அவர்க்கு இடம் காட்டினோமா?

இடம் இல்லாமலில்லை. ஒற்றை மாமரத்தால் ஏகாம்பரம் எனப் பெயர்பெற்ற திருக்கோயில் உள்ள ஊர் இது. கோயில் நந்தவனங்களும் பள்ளி கல்லூரித் தோட்டங்களும் தத்தம் தெருக்களின் சருகை, நெகிழி நீக்கி, ஏற்றுக்கொள்ள முன்வரல் வேண்டும். நம் கல்லூரித் தோட்டத்தில் இவ்வாண்டு மாசியிலேயே இதனைத் தொடங்கலாம்.