பரீட்சை எழுதுவது பிள்ளை மட்டுமல்ல

பரீட்சை மூன்று மணி நேரம் என்று சர்க்கார் அட்டவணை சொல்லுகிறது. காலை பத்தேகாலுக்கு ஆரம்பம்; பகல் ஒன்றேகாலுக்கு முடிவு. ஆனால் ஆலைத் தொழிலாளி வீட்டிலும், விவசாயக் கூலி வீட்டிலும் அந்தப் பரீட்சை எப்போது ஆரம்பமாகிறது? விடியற்காலை நான்கு மணிக்கே ஆரம்பமாகிறது. தெருக் குழாயடியில், குடம் வரிசையில் ஆரம்பமாகிறது.

ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுப் பரீட்சைகளை எழுதுகிறார்கள். மே மாதம் முடிவு வருகிறது. மறுநாள் பத்திரிகைகளில் தாயும் தகப்பனும் பிள்ளைக்கு இனிப்பு ஊட்டும் படம் வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் இடம் பெறாத பிள்ளைகளைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

பரீட்சை ஹாலுக்குள்ளே

நம்மில் பலர் பரீட்சை ஹாலைப் பார்த்ததே இல்லை. ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புக்கு 5 பாடங்கள். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க். ஆக மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்க வேண்டும். நான்கு பாடத்தில் தொண்ணூறு வாங்கி ஐந்தாவதில் 34 வாங்கினாலும் அந்தப் பிள்ளை பாஸ் இல்லை.

பல பிள்ளைகளுக்குச் சொந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை கிடையாது. வேறு ஊரிலுள்ள மையத்துக்குப் போக வேண்டும். கையில் ஹால் டிக்கட் இருக்க வேண்டும். பையையும் புத்தகத்தையும் வெளியே வைத்துவிட வேண்டும். ஒரு அறையில் இருபது பேர். பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். பத்து நிமிஷம் அதைப் படிக்க மட்டும்தான். அடுத்த ஐந்து நிமிஷம், விடைத்தாளின் முகப்பில் உள்ள பெயர், நம்பர், படம் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு. பத்தேகாலுக்கு மணி அடித்த பிறகுதான் எழுத ஆரம்பிக்கலாம். இடையில் பறக்கும் படை வரும். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கும் அப்போது கை நடுங்கும். கடைசியில், எழுதாமல் விட்ட பக்கங்களைப் பிள்ளையே கோடு போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் பரீட்சை முடிந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடம், கஷ்டமாக இருந்ததா என்று ஒரு முறை கேட்டேன். கேள்வியைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, வெள்ளைப் பக்கங்களை வரிசையாக அடித்தபோதுதான் வந்தது என்றாள். அத்தனை பக்கம் கொடுத்தார்களே, நிரப்ப முடியவில்லையே என்று அந்தக் குழந்தைக்கு வருத்தம்.

ஏன் நிரப்ப முடியவில்லை? அவளுக்கு மூளை இல்லையா? அவளுடைய வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்குள்ளே

பஞ்சாலைத் தொழிலாளியின் லைன் வீட்டை எடுத்துக் கொள்வோம். இருப்பது ஒரே அறை. தகப்பனார் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கிறார். ஒரு பரீட்சைக்கும் அடுத்த பரீட்சைக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் விடுமுறை. அந்த நாட்களில்தான் பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாய்விட்டுப் படித்தால் தகப்பனார் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் அன்றிரவு மெஷினில் கை போகும். பிள்ளை மீதும் குற்றமில்லை, தகப்பனார் மீதும் குற்றமில்லை. தூங்க ஒரு அறை, படிக்க ஒரு அறை இல்லாததுதான் குற்றம். பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயில் திண்ணைக்குப் போகிறான். அங்கே ஒலிபெருக்கி.

கிராமத்தைப் பாருங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் சம்பா அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். அதைப் பறிக்கிற காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வெயில் ஏறினால் நெற்று வெடித்துக் கொட்டிவிடும். ஆகவே தாய் இருட்டிலேயே வயலில் இறங்க வேண்டும். வருஷத்தில் கூலி கிடைக்கும் நாட்களே கொஞ்சம். அதை விட முடியுமா? தாய் போய்விட்டால் தண்ணீர் எடுப்பது யார்? சோறு வடிப்பது யார்? தம்பியைக் குளிப்பாட்டுவது யார்? பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற அந்தப் பெண்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வீட்டில் பரீட்சை எழுதுகிறவன் மகனாக இருந்தால், அவனை யாரும் குடம் தூக்கச் சொல்வதில்லை. முதலாளியிடம் சம நியாயம் கேட்கிற நாம், நம் வீட்டு அடுப்படியில் அதைக் கொடுக்கிறோமா? மகனுக்கும் வேறு விதத்தில் தொல்லை உண்டு. பந்தல் போடவும், லாரியில் மூட்டை ஏற்றவும் ஆள் தேடுகிறவன், ஒரு நாள்தானே என்று பரீட்சைக்கு முந்திய நாள்கூட அவனைக் கூப்பிட்டுக் கொண்டு போகிறான். வீட்டில் காசில்லாதபோது நாமும் சரி என்று சொல்லி விடுகிறோம்.

என் கதை

நானும் இந்தப் பரீட்சையை எழுதியவன். 1996-ம் வருஷம். என் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. அந்த வருஷம் ஆலை மூடிக் கிடந்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்திய இரவு மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனேன். மறுநாள் ஹாலில் என்னையறியாமல் தலை சாய்ந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த உபாத்தியாயர் தட்டி எழுப்பினார். எனக்குக் கிடைத்தது 31 மார்க்.

வீட்டில் ஒருவரும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சங்கத்தில் கணக்கெழுதி வந்த தோழர் ஒருவர், தினம் சாயங்காலம் சங்க ஆபீசில் என்னை உட்கார வைத்து அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தார். அக்டோபரில் மறுபடி எழுதி பாஸ் செய்தேன். ஆனால் அதற்குள் பிளஸ் ஒன் வகுப்பு ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. சேர்த்துக் கொள்ளவில்லை. அடுத்த வருஷம் நான் வேலையில் இருந்தேன். என் படிப்பு அதோடு சரி. நாலு மார்க் என்னை நிறுத்தவில்லை, தோழர்களே! அந்த நாலு மாதம்தான் நிறுத்தியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நிலைமை அப்படியில்லை. மே மாதம் முடிவு வந்தால், தவறிய பாடத்துக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் பாஸ் செய்தால் அதே வருஷம் மேலே படிக்கலாம். எனக்குக் கிடைக்காத கதவு இன்றைய பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவருகே வேறொருவன் வந்து நிற்கிறான்.

தரகன் வருகிற நாள்

2025-ல் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 93.80 பேர் பாஸ் செய்தார்கள். பாடுபட்ட ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் பாராட்ட வேண்டும். ஆனால் எழுதியவர்கள் எட்டரை லட்சத்துக்கும் மேல். ஆகவே நூற்றுக்கு மிச்சமுள்ள ஆறு பேர் என்பது ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல்.

இந்த ஐம்பதாயிரம் வீடுகளின் விலாசத்தைச் சர்க்கார் தேடுவதற்கு முன்னால் தரகன் தேடி விடுகிறான். எந்த வீட்டுப் பெண் கணக்கில் போய்விட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று வருஷம் நூற்பாலையில் வேலை, ஆஸ்டலில் சாப்பாடு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்களை அழைத்துப் போனார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்களகரமான பெயரும் வைத்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேம்ப் கூலி என்று நீங்கள் சொல்வது அவர்களைத்தான். பெயர்கள் மாறலாம், வீட்டு வாசலில் வேன் வந்து நிற்பது மாறவில்லை.

உங்கள் ஷிப்டில் பக்கத்து மெஷினில் நிற்கிற அந்தச் சின்னப் பெண்ணிடம், எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கில் போயிற்று என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ஐந்து மார்க், பத்து மார்க் என்று பதில் வரும். துணைத் தேர்வு என்று ஒன்று இருப்பதை யாராவது சொன்னார்களா என்றும் கேளுங்கள்.

பரீட்சையே வேண்டாமா?

சில நண்பர்கள், இந்தப் பரீட்சையே கூடாது, எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். சுமையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-ல் நிறுத்தினார்கள், நல்லதே நடந்தது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்ற யோசனை 2020-ல் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2018 முதல் நடந்துவந்த பிளஸ் ஒன் பொதுப் பரீட்சையும் 2025-26-ம் கல்வியாண்டு முதல் ரத்து. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவை.

ஆனால் பரீட்சையை எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் அனுபவம் இருக்கிறது. கொரோனா காரணமாக 2021-ல் பத்தாம் வகுப்புக்குப் பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அந்தப் பிள்ளைகள்தான் 2023 மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சைக்கு வர வேண்டியவர்கள். முதல் நாள் தமிழ்ப் பரீட்சைக்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை! கேள்வித்தாள் கடினம் என்று அவர்கள் ஓடவில்லை. கேள்வித்தாளை அவர்கள் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில், வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆகவே பரீட்சை ஹாலுக்குள் நடப்பதைவிட, ஹாலின் வாசலுக்கு வருவதற்குள் நடப்பதுதான் நம் பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இன்னும் சிலர், கெட்டிக்காரப் பிள்ளை தெருவிளக்கிலும் படிக்கும் என்பார்கள். படித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் ஒருவர் தெருவிளக்கில் ஜெயித்ததைக் காட்டி, மற்றவர்களுக்கு வீட்டில் விளக்கு வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்குப் பசி கிடையாதா? அவர்களுக்கும் மதியச் சோறு வேண்டும். பரீட்சைக் காலத்தில் பள்ளிக்கூட அறைகளை இரவு எட்டு மணி வரை விளக்கோடு திறந்து வைக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் நேரத்தில் போய்ச் சேரக் காலை பஸ் தவறாமல் வர வேண்டும். தவறிய ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஆள் அனுப்பித் துணைத் தேர்வுக்குச் சேர்க்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாது. நம் கையில் இருப்பதையும் செய்ய வேண்டும்.

சங்க ஆபீசில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பாய் இருக்கிறது. பரீட்சை முடிகிற வரை சாயங்காலம் அதைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். நம் கூட்டத்தைத் திண்ணையில் நடத்திக் கொள்ளலாம். தொழிற்சங்கத்திலோ விவசாயத் தொழிலாளர் சங்கத்திலோ படித்த இளைஞர் இருந்தால் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தரட்டும். பரீட்சைக்கு முந்திய நாள் எந்தப் பிள்ளையையும் கூலிக்கு அனுப்புவதில்லை என்று தெருவே கூடி முடிவு செய்யுங்கள். அந்த மாதத்துக்காவது குடத்தை மகளிடமிருந்து தகப்பன் வாங்கிக் கொள்ளட்டும்.

முடிவு வருகிற நாளில் வாயை அடக்குங்கள். தவறிப்போன பிள்ளை ஏற்கெனவே நொந்து போயிருக்கிறது. அன்று நாம் சொல்லும் ஒரு கடுஞ்சொல்லால் உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு. பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். 14417, 104 என்ற நம்பர்களுக்குப் போன் செய்தாலும் பேச ஆள் இருக்கிறார்கள். மறுநாள் காலை, தாயோ தகப்பனோ கூலியை விட்டாவது பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் துணைத் தேர்வுக்கு எழுதிக் கொடுங்கள். தரகன் வந்தால், ஆகஸ்டில் வா என்று சொல்லி அனுப்புங்கள். அதற்குள் பிள்ளை பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அல்ஜீப்ரா சொல்லித் தந்த அந்தத் தோழர் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆலைக் கணக்கிலும் சங்கக் கணக்கிலும் பழகிப் பழகிக் கற்றுக் கொண்டவர். அவர் எனக்குச் செய்ததை நாம் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குச் செய்ய முடியாதா?

இந்த வாரச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக வையுங்கள். உங்கள் தெருவில் இந்த வருஷம் யார் யார் பரீட்சை எழுதுகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் பெயர் எழுதுங்கள். அங்கிருந்து வேலையை ஆரம்பிக்கலாம்.