படலம் கிழிந்தால் பழி யாருக்கு?

குஷாய்குடாவில் நான் தங்கியிருக்கும் அறையில் மே மாதத்தில் துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆடி மழையில் இரண்டு நாளாகும். இந்த ஈரப்பத வேறுபாட்டைப் புரதப் படலம் பற்றிய நம் ஆய்வேடுகள் பல ஏன் பதிவுசெய்வதில்லை?

படலம் கிழிந்தால் ‘மாதிரி சரியில்லை’ என்கிறோம். மின்காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கங்களால் பிறக்கும் வான்டர் வால்ஸ் விசையைச் ‘சிறியது’ என்று தள்ளிவிடுகிறோம். சில நானோமீட்டர் அளவில் அதன் அழுத்தம் தடிமனின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும்: 20 நானோமீட்டர் படலம் 10 ஆக மெலிந்தால் எட்டு மடங்கு. இதுவா சிறியது?

அளவினும் முக்கியமானது திசை. லிஃப்ஷிட்ஸ் 1950களில் வகுத்த கோட்பாட்டின்படி, படலத்தின் மின்கடவாப் பண்பு காற்றுக்கும் அடித்தளத்துக்கும் இடைப்பட்டிருந்தால் விசை படலத்தைக் காக்கும். இரண்டையும் விஞ்சினால் மெலியச்செய்து கிழிக்கும். ஒளிவிலகல் எண்ணில் சிலிக்கா ஏறத்தாழ 1.46, நீர் 1.33; உலர்ந்த புரதம் 1.5க்கும் மேல். ஆகவே படலம் உறிஞ்சிய நீரே அதைக் காப்பானாகவோ பகையாகவோ மாற்றக்கூடும்.

கண்ணீர்ப் படலம் உடைவதை விளக்க அசுதோஷ் சர்மாவும் எலி ரக்கன்ஸ்டைனும் 1985இலேயே இவ்விசையை நாடினர். முழுப் படலம் மைக்ரோமீட்டர் தடிமனுடையது என்பதால், அடியிலுள்ள மெல்லிய சளிப்படலத்தையே சுட்டினர். அவர்கள் முடிவை மறுக்கலாம். ஆனால் அவர்கள் கணக்கிட்டார்கள்.

எல்லாக் கிழிசலுக்கும் இவ்விசையே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. நீரேற்றமும் மின்னூட்டமும் தம் பங்கை ஆற்றுகின்றன. கணக்கிடாமல் விலக்குவதையே எதிர்க்கிறேன். ஈரப்பதமும் அடித்தளமும் தடிமனும் குறிக்கப்படாத ‘நிலைத்தன்மை’ அறிவியல் முடிவன்று. அன்றைய வானிலையின் செய்தி.