சட்டகம் மாறினால் போலியும் மாறும்

கணினிமொழியியல் ஆய்வு நிரலின் சோதனைகளை யூனிட்டெஸ்டிலிருந்து பைடெஸ்டுக்கு மாற்ற முனையும் மாணவருக்கு எளிதில் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: “மாக் நூலகம் எந்தச் சட்டகத்தோடும் இயங்கும், அதைத் தொடவே வேண்டாம்.” இதில் பாதிதான் உண்மை. பைத்தானின் மாக் நூலகம் 2012-இல், 3.3 பதிப்போடு, அம்மொழியின் அடிப்படை நூலகத்தில் சேர்ந்தது. பைடெஸ்டிலும் அது தடையின்றி இயங்கும். ஆனால் அந்த நூலகம் உருவாக்கும் பொருள் எப்போது பிறக்கும், எப்போது விலகும் என்பதைச் சட்டகமே தீர்மானிக்கிறது.

உருபனியல் பகுப்பாய்வி ஒன்று தொலைவிலுள்ள வழங்கியில் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொரு சோதனையிலும் அதை அழைத்தால் நேரம் வீணாகும். இணையம் அறுந்தால் சோதனையும் அறும். ஆகவே, முன்கூட்டிச் சொல்லிவைத்த விடையைத் தரும் மாக் பொருளை அதன் இடத்தில் நிறுத்துவர். இலக்கணம் பயின்றோர் இதைப் போலி என்றே அழைக்கலாம். பந்தல் நின்ற இடத்தில் பந்தர் நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. ஆனால் இலக்கணப் போலி எங்கு வரலாம் என்பதற்கு வரையறை உண்டு. நிரலில் வரும் போலிக்கு அதை யார் இடுவது?

ஜாவாவின் மாக்கிட்டோ நூலகத்தில் இச்சிக்கல் தெளிவாகத் தெரியும். ஜேயூனிட் இயல்பாக ஒவ்வொரு சோதனைக்கும் வகுப்பின் புதிய படியை உருவாக்குகிறது. டெஸ்ட்என்ஜி ஒரே படியில் அந்த வகுப்பின் எல்லாச் சோதனைகளையும் ஓட்டுகிறது. பின்னதில் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் போலிகளைப் புதிதாக அமைக்காவிட்டால், முதல் சோதனையில் பதிவான அழைப்புகள் இரண்டாவதன் கணக்கில் ஏறும். ஜேயூனிட் 5-க்கான மாக்கிட்டோ நீட்சி, பயன்படாத போலி விடைகளைக் கண்டால் சோதனையையே வீழ்த்திவிடும். டெஸ்ட்என்ஜியில் போலிகளைக் கையால் அமைப்பவருக்கு அந்தக் கண்டிப்பு தானாக வராது.

பைத்தானிலும் இதே கதைதான். யூனிட்டெஸ்டின் தாய்வகுப்பை நீக்கிவிட்டு, போலியை நிறுவும் ‘செட்அப்’ முறையை அப்படியே விட்டுவைத்தால், பைடெஸ்ட் அதை அழைக்காது. போலி இல்லாத அந்தச் சோதனை ஓசையின்றி உண்மை வழங்கியின் கதவைத் தட்டும். மறுபுறம், கையால் தொடங்கிய போலியை நிறுத்த மறந்தால் அது அடுத்தடுத்த சோதனைகளுக்கும் தொடரும். பைடெஸ்ட்-மாக் நீட்சியின் ‘மாக்கர்’ சோதனை முடிந்ததும் போலியைத் தானே விலக்கிவிடுவதால், மாறுவோர் அதையே கைக்கொள்வது நல்லது.

எனினும், எந்தச் சட்டகத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. வெறும் மாக் பொருள் எப்பெயரிட்டு அழைத்தாலும் ‘ஆம்’ என்னும். சரிபார்க்கும் முறையின் பெயரைப் பிழையாகத் தட்டினாலும் முன்பு சோதனை தேறிவிடும். பைத்தான் 3.5 முதல் ‘அசர்ட்’ என்று தொடங்கும் அறியாப் பெயர்களை நூலகம் மறுக்கிறது. ‘அஸ்ரெட்’ என்று எழுத்து மாறித் தொடங்குபவற்றையும் சேர்த்தே மறுக்கிறது! ‘ஆட்டோஸ்பெக்’ வசதியைப் பயன்படுத்தினால் மூலத்தில் இல்லாத பெயர்களும் பொருந்தாத உள்ளீடுகளும் தடுக்கப்படும். ஆனால் அது வடிவத்தைக் காக்குமே தவிர, விடையின் உண்மையைக் காக்காது.

‘மரத்தை’ என்பதற்கு ‘மரம்+ஐ’ என்ற விடை போலியில் எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் பகுப்பாய்வி சாரியையையும் காட்டத் தொடங்கி ‘மரம்+அத்து+ஐ’ எனத் தருகிறது. போலி பழைய விடையையே ஒப்பிக்கும். சோதனைகள் யாவும் பச்சையாக ஒளிரும். இரண்டாம் கூற்றை வேற்றுமை உருபாக எண்ணும் நிரலோ, ‘அத்து’ என்பதை உருபுகளின் பட்டியலில் சேர்த்துவிடும். ஆய்வேட்டின் அட்டவணையில் அது அச்சேறும்போது அதைக் காட்டிக்கொடுக்கச் சோதனை ஏதுமிராது.

உண்மை வழங்கியை எந்நேரமும் அழைக்க இயலாது என்பது நியாயமே. அதற்காக ஒருபோதும் அழைக்காமலிருப்பது நியாயமன்று. பைடெஸ்டில் குறியிட்டுப் பிரித்த இரண்டு மூன்று சோதனைகளை வாரம் ஒருமுறை உண்மைப் பகுப்பாய்வியோடு ஓட்டினால் போதும். நெறியாளர்களும் சோதனைகள் தேறினவா என்று கேட்பதோடு நில்லாமல் இன்னொன்றும் கேட்கலாம்: இந்தப் போலி விடை உண்மைப் பகுப்பாய்வியிடமிருந்து எந்தத் தேதியில் பெறப்பட்டது?