காந்தக் குளிகை: கோப்பை யார் முடிப்பது?

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: காந்தத்துக்குப் பிரெஞ்சில் ‘எமான்’ என்று பெயர். அதே எழுத்துகளுக்கு ‘அன்பு செய்கிற’ என்றும் பொருள் உண்டு. அந்தக் காந்தத்தை வைத்து இரத்தக் குழாய்க்குள் மருந்தை ஓட்டிச் செல்லப் பார்க்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

பக்கவாதம் வந்தால் இன்று போடுகிற, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அடைப்பு ஓரிடத்தில் இருக்க, கசிவு வேறிடத்தில் வரலாம். என் அண்ணனுக்கு அந்த ஊசி போடுமுன் கையெழுத்து கேட்டார்கள். அண்ணி தாளைப் படித்துவிட்டு, கை நடுங்க என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். அண்ணன் பிழைத்தார். ஆனாலும் மருந்து நேரே அடைப்புக்குப் போனால் எவ்வளவு நிம்மதி!

2007இல் மாண்ட்ரியலில் சில்வேன் மர்த்தேல் குழுவினர், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்த விசையால், உயிருள்ள பன்றியின் கழுத்துத் தமனியில் 1.5 மி.மீ. உலோக மணியை நகர்த்திய ஆய்வை வெளியிட்டார்கள். 2025இல் சூரிச் நகரத்து ஆய்வாளர்கள் மருந்து வைத்த ஜெல் குளிகையைக் காட்டினார்கள். இழுக்க இரும்பு ஆக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிய டான்டலம். இடம் சேர்ந்ததும் வேகமாக மாறும் காந்தப் புலத்தால் சூடேற்றிக் கரைக்கிறார்கள். பன்றியிலும் செம்மறி ஆட்டிலும் சோதித்தும் பார்த்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். குளிகையின் குறுக்களவைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். காந்தம் இழுக்கும் விசையும் அப்படியே குறையும். ஓடும் இரத்தத்தில் பிடித்து நிறுத்த, இரும்பைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் மிச்சமும் கூடும். இரும்பை உடம்பு மெல்ல எடுத்துக்கொள்ளும். டான்டலம் எளிதில் கரைகிற உலோகம் அல்ல.

காலமெல்லாம் கோப்பு பார்த்த குமாஸ்தா நான். கோப்பைத் திறப்பது சுலபம். முடித்து ஆவண அறைக்கு அனுப்புவதுதான் வேலை. எனவே என் கோரிக்கை இது. மனிதருக்குப் போடும் நாளில், கையெழுத்து வாங்கும் தாளில் நாலு வரி வேண்டும், அதுவும் தமிழில். எவ்வளவு உலோகம் உள்ளே போகிறது? எவ்வளவு தங்கும்? எங்கே தங்கும்? குளிகை வழி தவறினால் எடுப்பது எப்படி?

இந்த வைத்தியம் வரட்டும், சீக்கிரமே வரட்டும். ஆனால் அந்த நாலு வரி இல்லாத தாளில் எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.