'ஹிட்' பாட்டுக்கு யார் கொடுத்த காசு?

பஸ்ஸிலும் அதே பாட்டு, டீக்கடையிலும் அதே பாட்டு. கேட்டால், "நம்பர் ஒன் பாட்டு சார்" என்கிறார்கள். எண்ணியது யார்? எண்ணியவருக்குக் காசு கொடுத்தது யார்? இதைக் கேட்பார் இல்லை.

இந்தப் பட்டியல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த இடம் அமெரிக்கா. அங்கே 'பில்போர்டு' பத்திரிகை 1958 ஆகஸ்டில் 'ஹாட் 100' பட்டியலை ஆரம்பித்தது. இசைத்தட்டு விற்பனையையும், ரேடியோவில் பாட்டு ஒலித்ததையும் கூட்டி இடம் போட்டார்கள். ரேடியோவில் ஒலித்தால்தான் கடையில் தட்டு போகும். ஆகவே கம்பெனிகளின் குடுமி ரேடியோ அறிவிப்பாளர் கையில். சும்மா இருப்பார்களா? கவரை நீட்டினார்கள்.

இந்த லஞ்சத்துக்கு அங்கே 'பேயோலா' என்று பேர். பேரிலேயே பேய் இருக்கிறது!

வசமாக மாட்டியவர் ஆலன் ஃபிரீட். 'ராக் அண்டு ரோல்' என்ற பேரை ஊரெல்லாம் பரப்பிய அறிவிப்பாளர். "காசு வாங்கியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு" என்றது நியூயார்க் ரேடியோ நிலையம். மறுத்தார். 1959 நவம்பரில் வேலை போயிற்று. 1960-ல் வழக்கு. 1962-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். 1965-ல், 43 வயதில், காலமானார். அதே விசாரணையில் டெலிவிஷன் புகழ் டிக் கிளார்க், இசைக் கம்பெனிகளில் தமக்கிருந்த பங்குகளைக் கைகழுவிவிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

கவரை விடக் கொடுமை ஒன்று உண்டு. சக் பெர்ரியின் 'மேபெலீன்' பாட்டு 1955-ல் வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் ஃபிரீட் பேரும் ஏறியது. தட்டு விற்க விற்க ராயல்டியில் பங்கு! உரிமை முழுசாக சக் பெர்ரிக்குத் திரும்பியது 1986-ல்தான். சொந்தப் பாட்டுக்கு 31 வருஷம் காத்திருந்தார் மனுஷன்.

1960-ல் சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடலாம். ஆனால் அதை ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் டாலர் வரை அபராதம்.

ஒழிந்ததா? எங்கே! 2005-ல் நியூயார்க் மாநில அட்டார்னி ஜெனரல் நடத்திய விசாரணையில் சோனி பி.எம்.ஜி. கம்பெனி ஒரு கோடி டாலர் கட்டி சமரசம் ஆனது. ரேடியோக்காரர்களுக்கு ஓசி டூர், எலெக்ட்ரானிக் சாமான். அது மட்டுமா? ரசிகர் மாதிரி ரேடியோவுக்குப் போன் போட்டு "அந்தப் பாட்டைப் போடுங்க" என்று கேட்கக் கூலிக்கு ஆள்!

கடை விற்பனைக் கணக்கும் லேசுப்பட்டதல்ல. "எது நல்லா போகுது?" என்று கடைக்காரரை விசாரித்துத்தான் 1991 வரை பட்டியல் போட்டார்கள். அந்த மே மாதம் ஆல்பம் பட்டியலுக்கு பார்கோடு கணக்கு வந்தது. உடனே 'கண்ட்ரி' பாட்டும் 'ராப்' பாட்டும் மளமளவென்று மேலே ஏறின. ஜனங்களின் ரசனை ஒரே வாரத்தில் மாறவில்லை. மாறியது தராசு. எடைக்கல் சங்கதி நம் கடைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது தட்டும் இல்லை, கடையும் இல்லை. செல்போன் ஆப்பில் எத்தனை தடவை ஓடியது என்பதும் பட்டியல் கணக்கில் சேருகிறது. 2020-ல் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவரி மோட்' என்று ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. ராயல்டியைக் குறைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், அந்தப் பாட்டை இன்னும் பல பேர் காதுக்குத் தள்ளிவிடுவார்கள். கவர் கிடையாது, கழிவு! புதுசாகத் தலையெடுக்கும் பாட்டுக்காரன் என்ன செய்வான்? சொந்தக் கூலியில் வெட்டிக் கொடுக்கிறான். 1960 சட்டமோ ரேடியோ, டெலிவிஷனோடு சரி. ஆப்பை அது தொடாது.

பத்திரிகையில் காசு வாங்கிப் போடும் சமாசாரத்துக்கு மேலே 'விளம்பரம்' என்று அச்சடிக்கிறோம். கழிவு கொடுத்து வரும் பாட்டுக்கும் அந்த ஒரு வார்த்தையைப் போடச் சொல்லிச் சட்டம் வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் அல்ல. பாட்டுக்குப் பாட்டு, பேருக்குப் பக்கத்திலேயே.