உண்ண மறுக்கும் வியாதி

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் ஒரு நாள் நெய்யை ஒதுக்குகிறாள், பிறகு சாதத்தைக் குறைக்கிறாள், சில மாதங்களில் எலும்பும் தோலுமாகி, அப்போதும் கண்ணாடி முன் நின்று, "பருத்துவிட்டேனே!" என்று வருந்துகிறாள். தகப்பனார் பிடிவாதம் என்பார். பாட்டி திருஷ்டி என்பாள். அண்டை வீட்டார் தாயார் வளர்த்த லட்சணம் என்பர். மூன்றும் தவறு. இது உயிரைக் குடிக்கக்கூடிய வியாதி. ஆண்பிள்ளைகளையும் இது விடுவதில்லை.

1873-ஆம் ஆண்டில் லண்டனில் ஸர் வில்லியம் கல் என்னும் வைத்தியரும், பாரிஸில் லாஸேக் என்பவரும் இதை விவரித்தார்கள். கல் சூட்டிய 'அனொரெக்ஸியா நெர்வோஸா' என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. பசியின்மை என்பது முதற் சொல்லின் பொருள். பொருத்தமில்லாத பெயர் என்பது நம் அபிப்பிராயம். பசி இருக்கிறது, அதை அடக்குவதுதான் வியாதி. வேளை தவறாமல் உணவூட்டவேண்டும் என்று கல் சொன்னது மிகச் சரி. ஆனால், பணிவிடை செய்வதற்கு உற்றார் உறவினரே எல்லோரிலும் தகுதியற்றவர்கள் என்றும் அவர் தீர்ப்பளித்துவிட்டார். அதன் பிறகு எத்தனை தாய்மார் குற்றவாளிகளைப்போல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்களோ!

அத்தீர்ப்பைப் புரட்டியதும் லண்டன் நகரமே. அங்குள்ள மாட்ஸ்லி ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 80 நோயாளிகளைக் கவனித்து, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் தொடங்கி, மூன்றாண்டுக்கு மேற்படாத வியாதியானால், நோயாளியுடன் மட்டும் பேசுவதைவிடக் குடும்பத்தையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சையே அதிகப் பயன் தந்தது. சில காலம் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைப் பெற்றோரே தீர்மானித்து, பக்கத்தில் அமர்ந்து, கோபமும் கெஞ்சலுமின்றி உண்ணச் செய்கிறார்கள். உடல் தேறத் தேற, அப்பொறுப்பு சிறுகச் சிறுகக் குழந்தைக்கே திரும்புகிறது. ஜுரத்தில் கிடப்பவளிடம் கஷாயம் சம்மதமா என்று நாம் கேட்பதுண்டா?

மனம் மாறினால் தானே சாப்பிடுவாள் என்று காத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1945-இல் அமெரிக்காவின் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் திடகாத்திரமான 36 ஆடவர் தாமாகவே முன்வந்து, ஆறு மாதம் அரை வயிற்றுடன் இருந்தார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அவர்கள் சிடுசிடுத்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சிலர் சமையல் புத்தகங்களை ஓயாமல் படித்தார்கள். பட்டினியே மனத்தைத் திரிக்கிறது. ஆகையால் அன்னமே முதல் மருந்து.

ஆனால் வாடிய உடலில் ஒரேயடியாகத் திணிப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புக்கள் குறைந்து இருதயம் தவறிவிடக்கூடும். அளவை டாக்டரே சொல்லவேண்டும். மயக்கம் வரும்வரை காத்திராமல் அவரிடம் போகவேண்டும். போகும்போது தகப்பனாரும் கூடச் செல்லவேண்டும். சமையலறை விஷயமாயிற்றே என்று அவர் பத்திரிகையும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடக் கூடாது.