எடுத்துடு என்றால் என்ன அர்த்தம்?

நவம்பர் 27-ஆம் தேதி காலையில் காபியை வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள். "ஏங்க, லைஃப் சர்டிஃபிகேட் குடுத்தாச்சா?"

கொடுக்கவில்லை. பென்ஷன் வாங்கும் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நவம்பர் முடிவதற்குள் நாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். பிறகு நின்றதை ஓட வைக்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது, மேசைக்கு அந்தப் பக்கம் 35 வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியும்.

இது மறதி இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தேன். பேரன் என் போனில் ஒரு ஏஐ உதவியாளரைச் செய்து கொடுத்திருக்கிறான். மின்கட்டணம், மாத்திரை, டாக்டர் என்று செய்ய வேண்டியதையெல்லாம் வாயால் சொன்னால் பட்டியலில் எழுதிக்கொள்ளும், அந்தந்த நாளில் கூப்பிட்டுச் சொல்லும். லைஃப் சர்டிஃபிகேட்டையும் வருஷாவருஷம் நவம்பர் 1 என்று போட்டிருந்தேன். போன வருஷம் கொடுத்துவிட்டு வந்து, "அது முடிஞ்சுது, லிஸ்ட்லேருந்து எடுத்துடு" என்றேன். எடுத்துவிட்டது. அந்த வருஷத்தை மட்டுமல்ல, இனி வரப்போகும் எல்லா நவம்பர்களையும் சேர்த்து.

பேரனிடம் சொன்னேன். "தாத்தா, நீங்க 'முடிச்சாச்சு'ன்னு மட்டும் சொல்லியிருக்கணும். 'எடுத்துடு'ன்னா டெலீட் பண்ணத்தான் செய்யும்" என்றான். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எழுபது வயதுக்கு மேல் நான் தமிழ் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா? நீ அந்த இயந்திரத்துக்கு என்ன எழுதி வைத்தாய், காட்டு என்றேன்.

காட்டினான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். "பணியைச் சேர்: பணியைச் சேர்க்கும். பணியை மாற்று: பணியை மாற்றும். பணியை முடி: பணியை முடிக்கும். பணியை நீக்கு: பணியை நீக்கும்." அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். இந்த ஏஐ தானாக எதையும் எழுதுவதோ அழிப்பதோ இல்லை. புரோகிராம் எழுதுகிறவர் அதன் கையில் சில கருவிகளைக் கொடுக்கிறார். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கேட்க வேண்டும் என்ற ஒரு படிவம். கருவிக்குள் இருக்கும் புரோகிராம் ஏஐயின் கண்ணுக்குத் தெரியாது. நாம் பேசியதையும் அந்த விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை எடுக்கும். ஆக, அந்த இரண்டு வரிதான் அதற்கு வேதம். புதிதாகச் சேர்ந்த கிளார்க்கிடம் ஃபைலைக் கொடுத்து, ஓரத்தில் "நடவடிக்கைக்கு" என்று மட்டும் எழுதும் அதிகாரிகளை நாம் பார்த்ததில்லையா? என்ன நடவடிக்கை என்று எழுதமாட்டார். தப்பாகப் போனால் மட்டும் மெமோ வரும்.

ஒரு சொல் எத்தனை அர்த்தத்தில் போகும் என்பது பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குச் சூடுபட்டுத் தெரிந்தது. 'ரெமெத்ர்' என்றால் ஒப்படைப்பது, ஒத்திப்போடுவதும் அதுவே. அதன் பெயர்ச்சொல் 'ரெமீஸ்', கடையில் தள்ளுபடிக்கும் அதே சொல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டை மொழிபெயர்க்கும்போது, ஒத்திவைக்கப்பட்ட ஒன்றை 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதி சூப்பரின்டென்டென்டிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். நம் 'எடுத்துடு' மட்டும் சும்மாவா? 'தள்ளிடு' என்றால் நாளைக்குத் தள்ளுவதா, குப்பையில் தள்ளுவதா?

பேரனிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, விளக்கம் நீண்டால் ஒவ்வொரு முறையும் ஏஐ அதைப் படிக்க வேண்டும், காசு ஆகும். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். வளவளவென்று எழுதச் சொல்லவில்லை, ஆனால் நாலு வார்த்தையை மிச்சம்பிடித்து என் பென்ஷனை நிறுத்துவது என்ன சிக்கனம்? இரண்டாவது, அடுத்த மாடல் இன்னும் புத்திசாலியாக வரும், தானே புரிந்துகொள்ளும் என்றான். இதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். 'நீக்கு' என்றால் வருஷாவருஷம் வருவது அடியோடு போய்விடும் என்பது இவன் புரோகிராமுக்குள் இருக்கும் ரகசியம். சொல்லாததை எந்தப் புத்திசாலி தெரிந்துகொள்வான்? ஐ.ஏ.எஸ். அதிகாரியே வந்தாலும் ரெக்கார்டு ரூம் சாவி எங்கே தொங்குகிறது என்று பியூன் சொன்னால்தான் தெரியும்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்தோம். நான் சொல்ல, அவன் எழுதினான். "முடி: வேலை நடந்துவிட்டது என்று பயனர் சொன்னால் இது. இந்த முறைக்கு மட்டும் முடிந்ததாகக் குறிக்கும், திரும்ப வரும் பணி அடுத்த தேதியில் மீண்டும் வரும்." "நீக்கு: நிரந்தரமாக அழிக்கும், மீட்க முடியாது. தவறாகச் சேர்த்ததற்கும், இனி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னதற்கும் மட்டும். வேலை முடிந்தது என்று சொன்னால் இதைப் பயன்படுத்தாதே. திரும்ப வரும் பணியானால் முதலில் கேள்." கேட்காமல் அழிக்க முடியாதபடி புரோகிராமிலேயே ஒரு பூட்டும் போடச் சொன்னேன். விளக்கம் என்பது அறிவுரைதானே.

தேதிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. 05/06 என்றால் எனக்கு ஜூன் 5, அமெரிக்கர்களுக்கு மே 6. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2026-06-05 என்றுதான் எழுத வேண்டும், பயனர் தேதி சொல்லாவிட்டால் நீயாக ஒன்றைப் போடாதே என்று சேர்த்தோம். 'டாக்டர்' என்று இரண்டு பணி இருந்தால் எது என்று கேட்கவும் சொன்னோம். எனக்குக் கண் டாக்டர், அவளுக்கு முட்டி டாக்டர்.

எழுதி முடித்ததும் பழைய வாக்கியத்தையே சொல்லிப் பார்த்தேன். "மின்கட்டணம் கட்டியாச்சு, லிஸ்ட்லேருந்து எடுத்துடு." முடிந்ததாகக் குறித்துக்கொண்டது, அடுத்த தேதியையும் சொன்னது. பேரன் ஒன்றும் பேசவில்லை.

28-ஆம் தேதி போய் விரல் வைத்தேன். தேய்ந்த ரேகை, மூன்றாவது முறைதான் பிடித்தது.